மனநல மருந்து தொடங்கும் பிள்ளையின் உடம்பு: திருகோணமலை வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

மனநல கிளினிக்கில் முதல் தடவை பெயர் பதியும் நாளில் வீட்டார் மனதில் ஒரே கேள்விதான் இருக்கும்: பிள்ளைக்கு எப்போது சுகமாகும்? எடை எவ்வளவு, இடுப்பு எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று அன்றைக்கே குறித்து வைக்கவேண்டும் என்ற யோசனை வருவதில்லை. அந்த நெருக்கடியில் வராததில் பிழையுமில்லை. ஆனால் அன்று எடுக்காத அளவுகளைப் பிறகு எடுக்கவே முடியாது. மருந்துக்கு முந்திய உடம்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், மருந்து என்ன செய்தது என்றும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். இளவயது மரணங்களில் தற்கொலைக்கும் விபத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மொத்தமாகப் பார்த்தால் அதிகமானவர்களைக் கொண்டுபோவது இருதய நோய், சீனி வருத்தம், சுவாச நோய், தொற்று ஆகியவைதான். மாரடைப்பு 45 வயதில் வரலாம். அதற்கான வழி 18, 20 வயதிலேயே திறந்துவிடுகிறது. மருந்தின் முதல் மாதங்களில் ஏறும் எடை, சிகரெட், பகல் முழுக்கப் படுக்கை, யாரும் அளந்து பார்க்காத இரத்தச் சீனி எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை எடுக்காத நோயும் ஆயுளைக் குறைக்கும். மருந்தும் வேண்டும், உடம்பும் வேண்டும்.

முதல் குளிசைக்கு முன்னர்

ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். கிளினிக் கொப்பி வேறு, இது வேறு. ஒவ்வொரு வரியிலும் திகதி, எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், நாடித்துடிப்பு, மருந்தின் பெயரும் அளவும் என்று எழுதி, கடைசியில் பிள்ளை தன் உடம்பைப் பற்றிச் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒரு வரி சேருங்கள். பதினாறு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் கொப்பி அவர் கையிலேயே இருக்கட்டும். தன் அளவைத் தானே எழுதுகிறவர் கிளினிக்கில் தானே பேசவும் பழகிவிடுவார்.

எடையை ஒரே தராசில், ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் மலசலம் கழித்து, சாப்பிடுவதற்கு முன்னர், மெல்லிய உடுப்போடு என்றால் நல்லது. வீட்டில் தராசு இல்லாவிட்டால் பாமசியில் பார்க்கலாம். ஆனால் வாரத்துக்கொரு பாமசியாக மாறாதீர்கள். தராசுக்குத் தராசு ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் காட்டும், நீங்கள் தேடுவதோ அதே ஒன்றிரண்டு கிலோவைத்தான்.

இடுப்பை அளக்கத் தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்ட நிலையில் பாருங்கள். காற்சட்டை கட்டும் இடத்தில் அளந்தால் குறைத்துக் காட்டும். தென்னாசியர்களான எங்களுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண் 23ஐத் தாண்டினால் எங்களுக்கு அது கூடுதல் எடை. 165 செ.மீ. உயரமானவருக்கு ஏறக்குறைய 62.6 கிலோ அந்த எல்லை. ஐரோப்பியருக்குச் சொல்லும் 25ஐப் பார்த்து ஆறுதல்படவேண்டாம். அதே எடையில் எங்களுக்குச் சீனி வருத்தமும் இருதய நோயும் முந்திக்கொண்டு வருகின்றன.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கவேண்டும். அரை மணி நேரத்துக்குள் தேத்தண்ணியோ சிகரெட்டோ கூடாது. ஓடிவந்து பஸ்ஸால் இறங்கிய சூட்டில் பார்த்த எண்ணை நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், ஈரல், சிறுநீரகம், முழு இரத்த எண்ணிக்கை, தைரொயிட் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே செய்யமுடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். தைரொயிட் குறைவும் இரத்தச்சோகையும் சோர்வு, மனச்சோர்வு போலவே தோன்றும். அவை இருந்தால் அவற்றுக்கும் சேர்த்து மருந்து செய்யவேண்டும்.

வெறும் வயிறு என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். சீனி போடாத வெறுந்தேத்தண்ணியும் வேண்டாம். குச்சவெளியிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் சாப்பாட்டுப் பார்சலைக் கையோடு கொண்டுவாருங்கள். இரத்தம் எடுத்த கையோடு சாப்பிடலாம். பசியோடு மத்தியானம் வரை வரிசையில் நிற்கும் பிள்ளை அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டேன் என்று சொல்லும்.

எங்கே போவது? திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குத்தான் எல்லாவற்றுக்கும் வரவேண்டும் என்றில்லை. கிண்ணியா, மூதூர், கந்தளாய் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் தள வைத்தியசாலையில் உளநல கிளினிக் எந்த நாள் நடக்கிறது, உளநல வைத்திய அதிகாரி எப்போது இருப்பார் என்று முதலில் கேட்டறியுங்கள். எடையையும் பிரஷரையும் ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலேயே பார்க்கலாம். அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்ப்பார்கள். அவை முக்கியமாக 35 வயதைக் கடந்தவர்களை எதிர்பார்த்து அமைந்தவை. ஆகவே 19 வயதுப் பிள்ளையோடு போனால், "இவர் எடை கூட்டும் மனநல மருந்து எடுக்கிறார், அதனால் பார்க்கவேண்டும்" என்று வாய் திறந்து சொல்லவேண்டும்.

முதல் 12 வாரம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். மனப்பிறழ்வுக்கு (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை) கொடுக்கும் மருந்துகளால் எடை ஏறுவது முதல் வாரங்களில்தான் மிக வேகம். முன்னர் இப்படியான மருந்தே எடுக்காத இளவயதினருக்கு ஏற்றம் இன்னும் அதிகம். ஏறிய பிறகு இறக்குவது மிகக் கடினம், ஏறும்போதே பிடிப்பது அதைவிட எவ்வளவோ இலகு.

முதல் ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். பிறகு 12ஆவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். 12ஆவது வாரத்தில் எடை, இடுப்பு, பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டும். அதற்குப் பிறகு ஒரு வருட முடிவிலும், தொடர்ந்து வருடந்தோறும். மருந்து மாறினால் கணக்கு மீண்டும் முதல் வாரத்திலிருந்து தொடங்கும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு எல்லைகளை மனதில் வையுங்கள். முதல் மாதத்துக்குள் எடை நூற்றுக்கு 5 கூடினால், பின்னாலும் நிறைய ஏறப்போகிறது என்பதற்கு அது அடையாளம். நூற்றுக்கு 7 கூடினால் மருத்துவக் கணக்கில் அது பொருட்படுத்தவேண்டிய ஏற்றம். 60 கிலோ பிள்ளைக்கு முதலாவது 3 கிலோ, இரண்டாவது 4.2 கிலோ. 50 கிலோ பிள்ளைக்கு 2.5, 3.5.

எல்லையைத் தாண்டினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். நெரிசலான கிளினிக்கில் டொக்டருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள். "டொக்டர், பிள்ளை சரியாக மொத்தமாகிக்கொண்டு வாறான்" என்றால் அது பேச்சோடு போய்விடும். இப்படிச் சொல்லுங்கள்: "தொடங்கும்போது 58 கிலோ, இப்போது 62. ஆறு வாரம். மருந்தை மாற்றலாமா, அல்லது மெட்போமின் கொடுக்கலாமா?" மருந்தால் ஏறும் எடையைத் தடுக்க, சீனி வருத்தக் குளிசையான மெட்போமினைக் கொடுப்பது உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது, சீனி வருத்தம் இல்லாதவருக்கும் கொடுப்பார்கள். கொடுப்பதா இல்லையா என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும். கேட்பது உங்கள் உரிமை.

சீனி முடிவில் வெறும் வயிற்றில் டெசிலீற்றருக்கு 100 மி.கி.க்குக் கீழே என்றால் சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வருத்தமாக இருக்கலாம், உறுதிசெய்யத் திரும்பப் பார்ப்பார்கள். திடீரென்று அதிக தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், உடம்பு மெலிவு வந்தால் 12 வாரம் வரை பார்த்திருக்கவேண்டாம்.

மருந்துக்கு மருந்து கவனம் வேறு

ஒலன்சபின், குளோசபின் இரண்டும் எடையை அதிகம் கூட்டுகின்றன. ரிஸ்பெரிடோன், குவெட்டியாப்பின் நடுத்தரம். அரிப்பிப்ரசோல், ஹலோபெரிடோல் குறைவு. குறைவு என்பதற்காக எல்லோருக்கும் பொருந்தும் என்றில்லை. ஹலோபெரிடோலுக்கு உடம்பு இறுகுவது, கை நடுங்குவது அதிகம்.

அதில் ஒன்றை வீட்டார் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். ஹலோபெரிடோல் போன்ற மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில், குறிப்பாக இளைஞர்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், தாடை இழுக்கும். பார்க்கிறவர்கள் பேய் பிடித்தது என்று கோயிலுக்கோ பரிகாரியிடமோ கொண்டு ஓடுகிறார்கள். இது மருந்தின் பக்கவிளைவு. வைத்தியசாலையில் ஓர் ஊசி போட்டால் அநேகமாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

இருக்கமுடியாமல் அங்குமிங்கும் நடப்பதும் கால் ஆட்டிக்கொண்டே இருப்பதும் கூட மருந்தால் வரலாம். அதை நோய் கூடிவிட்டதாக எண்ணி வீட்டார் தாங்களே குளிசையைக் கூட்டினால் அவதி இன்னும் கூடும். அந்த அவதி தாங்காமல் உயிரை மாய்க்க நினைப்பவர்களும் உண்டு. அன்றைக்கே சொல்லுங்கள்.

ரிஸ்பெரிடோன், ஹலோபெரிடோல் எடுக்கும் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் நிற்கலாம், மார்பில் பால் கசியலாம். வீட்டில் தேவையில்லாத சந்தேகமும் சண்டையும் இதனால் வருகின்றன. ஆண்பிள்ளைகளுக்கு ஆண்மைக் குறைபாடு வரலாம். வெட்கத்தில் சொல்லாமல் மருந்தை மட்டும் நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

மனநிலையைச் சீராக வைக்கக் கொடுக்கும் வல்புரோவேட் எடுக்கும் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசினால், அதற்கு முன்னரே டொக்டரிடம் பேசுங்கள். கர்ப்பத்தில் இந்த மருந்து இருந்தால் பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, இன்னும் பலருக்கு வளர்ச்சி பின்தங்குகிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மாற்று மருந்துக்கு மெதுவாக மாறச் சில மாதங்கள் வேண்டும்.

மனநிலையைச் சீராக வைக்கும் இன்னொரு மருந்தான லிதியம், எங்கள் ஊர் வெயிலில் கூடுதல் கவனம் கேட்கும் மருந்து. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லிதியம் ஏறி நஞ்சாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயலிலோ கடலிலோ வேலை செய்கிறவர், வயிற்றோட்டம் வந்தவர், நோன்பு பிடிக்கிறவர், கந்தசஷ்டி விரதம் இருக்கிறவர் எல்லோரும் முன்கூட்டியே டொக்டரிடம் கேட்கவேண்டும். மூட்டுநோவுக்கும் காய்ச்சலுக்கும் பாமசியில் வாங்கும் இபுபுரோபன், டைக்ளோபெனாக் இரண்டும் லிதியத்தை ஏற்றிவிடும். நோவுக்குப் பரசிட்டமோல் போதும். டெங்கு பரவும் ஊரில் இந்தப் பழக்கம் இரட்டிப்பு நல்லது. லிதியம் அளவு பார்க்கும் இரத்தத்தைக் கடைசிக் குளிசை எடுத்து 12 மணி நேரம் கழித்தே எடுக்கவேண்டும். ஆகவே காலைக் குளிசையைக் கையில் வைத்திருந்து, இரத்தம் கொடுத்த பின் விழுங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைரொயிட், சிறுநீரகம், கல்சியம் பார்க்கவேண்டும். வாந்தி, கை மோசமாக நடுங்குவது, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

குளோசபின் எடுப்பவருக்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் வெள்ளையணு எண்ணிக்கை பார்ப்பார்கள். பிறகு இடைவெளி கூடும். மூதூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வாராவாரம் பட்டணம் வருவது கடினம். பக்கத்து வைத்தியசாலையில் இரத்தம் எடுக்கமுடியுமா என்று தொடக்கத்திலேயே கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். காய்ச்சல், தொண்டை நோ, நெஞ்சுப் படபடப்பு வந்தால் அன்றே காட்டவேண்டும். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள்: குளோசபினில் குடல் அசைவே நின்று உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் மலம் போகாவிட்டால் சொல்லுங்கள்.

குளோர்புரோமசின் எடுப்பவரின் தோல் வெயிலில் சட்டென்று கருகும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். உடம்பு இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் பென்செக்சோல் வியர்வையைக் குறைக்கும், உச்சி வெயிலில் உடம்பு சூடேறிவிடும். கனமான வேலைகளைக் காலையில் முடிக்கட்டும்.

பசியும் குசினியும்

ஒலன்சபின் எடுக்கும் பிள்ளைக்கு வரும் பசி உண்மையான பசி. மூளையில் "போதும்" என்று சொல்லும் இடத்தை மருந்து தொட்டுவிடுகிறது. பெருந்தீனி என்று ஏசினால், ஒளித்துச் சாப்பிடவும் மருந்தை ஒளித்து எறியவும்தான் பிள்ளை பழகும். ஏசாமல் குசினியை மாற்றுங்கள், பிள்ளைக்கு மட்டுமல்ல, முழு வீட்டுக்கும்.

முதலில் குடிப்பது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள சோடா ஒரு 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம், அதாவது எட்டுக் கரண்டிக்கு மேல். எங்கள் நாட்டில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் போடவேண்டும்: சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல், செம்மஞ்சள் 2 முதல் 11, பச்சை 2க்குக் குறைவு. செம்மஞ்சளைப் பார்த்துப் பரவாயில்லை என்று நினைக்கவேண்டாம். 10 கிராம் உள்ளதும் செம்மஞ்சள்தான். மருந்தால் வாய் உலரும், பிள்ளை சோடாவைத் தேடும். தேசிக்காய் பிழிந்த தண்ணீரோ இளநீரோ மோரோ பக்கத்தில் இருக்கட்டும். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி போடும் வீட்டில் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் ஒருவருக்கும் தெரியாது. வாய் உலர்ந்தால் பல்லும் சொத்தையாகும். இரவில் பல் தீட்டாமல் படுக்கவேண்டாம்.

கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு அல்லது புட்டு, கால்வாசி மீன், முட்டை அல்லது பருப்பு. சூடையும் கீரிமீனும் இங்கே மலிவு. பொரிக்காமல் சொதியாகவோ தீயலாகவோ வையுங்கள். வல்லாரைச் சம்பல், முருங்கை இலைச் சுண்டல், பொன்னாங்காணி எல்லாம் வயிற்றை நிறைக்கும், எடையைக் கூட்டாது. குரக்கன் புட்டு நல்லதுதான், ஆனால் இரண்டு கோப்பை குரக்கன் இரண்டு கோப்பை வெள்ளை மாவைவிடப் பெரிதாக நன்மை செய்யாது. தயிர் சாப்பிடலாம், பாணியைக் கைவிடுங்கள். கொத்து றொட்டி மாதத்துக்கு ஒருமுறை.

இரவுதான் கடினமான நேரம். குளிசை போட்ட பிறகு பசி கிளம்பும். பிஸ்கட் பெட்டி காலியாகும். ஆகவே ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, படுக்கப்போகும் நேரத்தில் குளிசையைக் கொடுத்து, வேறு வேலை வைக்காமல் படுக்கவிடுங்கள். எப்படியும் எழும்பித் தேடும் பிள்ளை என்றால் அவித்த கடலையோ கெக்கரிக்காயோ கண்ணில் படும்படி இருக்கட்டும். பிஸ்கட்டை வாங்காதீர்கள்.

நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்க நடப்பது இலக்கு, 18 வயதுக்குக் கீழே நாளுக்கு ஒரு மணி நேரம் அசைவு. மருந்து மயக்கத்தில் காலையில் எழும்பமுடியாத பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பிப் பயனில்லை. வெயில் தாழ்ந்த பிறகு உட்துறைமுக வீதியிலோ டச்பே கடற்கரையிலோ ஒருவர் கூட நடக்கட்டும். தனியே போகச் சொன்னால் போகமாட்டார். கூடப் போனால் போவார்.

புகை, வெற்றிலை, ஐஸ்

மனநோய் உள்ளவர்கள் இளவயதில் இறப்பதற்குப் புகைத்தல் முன்னணிக் காரணங்களில் ஒன்று. "பாவம், அவனுக்கு இருக்கிற சந்தோஷம் அதுதான்" என்று விட்டுவிடுவது அன்பல்ல. ஆனால் குளோசபினோ ஒலன்சபினோ எடுப்பவர் டொக்டருக்குச் சொல்லாமல் சட்டென்று நிறுத்தக்கூடாது. சிகரெட் புகை இந்த மருந்துகளை ஈரலில் வேகமாகக் கரைத்துவிடும்; புகை நின்றால் அதே குளிசை இரத்தத்தில் கூடி மயக்கமும் தள்ளாட்டமும் வரும். நிறுத்தும் திகதியை முன்னரே சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார்கள். புகைத்தலை விட உதவிக்கு 1948, போதைப்பொருள் பற்றிய ஆலோசனைக்கு 1927.

புகையிலை போட்ட வெற்றிலையும் மாவாவும் வாய்ப்புற்றுக்கு நேர்வழி. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் அதுதான். ஐஸ் என்ற போதைப்பொருளும் (மெத்தம்பெற்றமின்) கஞ்சாவும் பாவிக்கிறவர் என்றால் கிளினிக்கில் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். டொக்டருக்கு அது தெரியாவிட்டால் மருந்து வேலைசெய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போவார்.

"எல்லாம் மனசாலதான்" என்று சொன்னால்

மனநல கிளினிக் கொப்பியோடு போகிறவர் நெஞ்சு நோகிறது என்றாலும் வயிறு நோகிறது என்றாலும் அதைப் பதற்றமென்று முடித்துவிடுவது உலகமெங்கும் நடக்கிறது. சண்டை பிடிக்காமல் விபரத்தைக் கொடுங்கள்: எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம், நடந்தால் கூடுகிறதா, முன்னர் வந்த பதற்றத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது. கொப்பியைத் திறந்து காட்டுங்கள். "ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கமுடியுமா?" என்று நேரே கேளுங்கள்.

கடும் காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகி, பிதற்றலும் சேர்ந்தால் அது மனப்பிறழ்வு மருந்தால் வரும் உயிராபத்தான நிலையாக இருக்கலாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு

வார்டிலிருந்து துண்டு வெட்டி வந்த முதல் வாரங்களில் தற்கொலை ஆபத்து மிக அதிகம். ஆள் தெளிந்துவிட்டார் என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரமும் அதுதான். ஒரு மாத மருந்தை ஒன்றாகப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பூட்டி வைத்து, ஒரு வாரத்துக்கோ ஒரு நாளுக்கோ உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களின் பிரஷர், சீனிக் குளிசைகளையும் பரசிட்டமோலையும் சேர்த்துப் பூட்டுங்கள். வயல் மருந்தை வீட்டு வளவில் வைக்கவே வேண்டாம். தெரிந்தவர் வீட்டிலோ களஞ்சியத்திலோ இருக்கட்டும். இலங்கையில் தற்கொலை 1995இல் உச்சத்தில் இருந்து பின்னர் பெருமளவு குறைந்ததற்கு, கடும் நஞ்சான பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது முக்கிய காரணம். கைக்கு எட்டாமல் வைப்பது உயிரைக் காப்பாற்றுகிறது.

"சாகவேண்டும் போல இருக்கிறதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பயப்படாதீர்கள். கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை. ஆம் என்றால் தனியே விடாமல், 1926க்கோ 1333க்கோ அழையுங்கள்; அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

படிப்புக்கோ வேலைக்கோ கொழும்பு, யாழ்ப்பாணம், வெளிநாடு என்று பிள்ளை போகும்போது சிகிச்சை அறுந்துவிடுவது அதிகம். போவதற்கு ஒரு மாதம் முன்னரே புதிய ஊரின் கிளினிக்குக்கு டொக்டரிடம் கடிதம் கேளுங்கள். கொப்பியின் கடைசி ஒரு வருடப் பக்கங்களைப் போட்டோகொப்பி எடுத்து அதனோடு இணையுங்கள், முதல் நாள் எடையும் இடுப்பும் எழுதிய பக்கத்தையும் சேர்த்து. ஆறு வாரத்துக்குப் போதுமான மருந்து கையில் இருக்கட்டும், அதைப் பையில் வைப்பது யார் பொறுப்பு என்று பயணத்துக்கு முன்னரே பேசி முடியுங்கள்.